தள்ளி நின்று பாருங்கள்!

கோடை விடுமுறைக்கு வால்பாறை ஏறுகிறோம். இருவாச்சி, சோலைமந்தி, வரையாடு, யானை எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடத் துடிக்கிறோம். நம் ஆசைக்கு அந்த உயிர்களும் அந்த மலையின் மக்களும் என்ன விலை கொடுக்கிறார்கள்?

வால்பாறையின் புதுத்தோட்டம் வளைவில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு, நடுவே சாலை. ஒரு கார் நிற்கிறது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் ஒரு வேன். மரத்திலிருந்து சோலைமந்தி ஒன்று இறங்கித் தார்ச்சாலை ஓரத்தில் உட்காருகிறது. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. வேன் ஜன்னலிலிருந்து சிப்ஸ் பாக்கெட் நீள்கிறது. தாய் சாலையின் நடுவுக்கு வருகிறது. செல்போன்கள் உயர்கின்றன. மேல் வளைவிலிருந்து அரசுப் பேருந்து ஹாரன் அடித்தபடி இறங்குகிறது. கடைசி நொடியில் தாய் தாவித் தப்பிக்கிறது. கூட்டம் சிரித்துவிட்டுக் கலைகிறது. சாலையில் சிதறிய சிப்ஸைப் பொறுக்க மற்ற குரங்குகள் வரிசையாக இறங்குகின்றன.

விடுமுறை நாட்களில் வால்பாறைக்குப் பழகிப்போன காட்சி இது. அந்தப் பாக்கெட்டை நீட்டியவர் கெட்டவர் அல்ல. குழந்தைகளுக்குக் குரங்கைக் கிட்டத்தில் காட்ட நினைத்தவர், அவ்வளவுதான். ஆனால் அந்தக் 'கிட்டத்தில்' என்கிற ஆசையிலிருந்துதான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது.

தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய காடு

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மேட்டுநிலம் ஒரு காலத்தில் முழுக்க மழைக்காடு. 1890-களில் தொடங்கி ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் நட்டார்கள். இன்று தேயிலைக் கடலுக்கு நடுவே நாற்பதுக்கும் மேற்பட்ட மழைக்காட்டுத் துண்டுகள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள்.

விலங்குகளுக்கு இந்த எல்லைகள் தெரியாது. பெரிய காட்டிலிருந்து இன்னொரு பெரிய காட்டுக்குப் போக வேண்டுமானால் தேயிலை வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால்தான் வேறெங்கும் நாட்கணக்கில் காத்திருந்தாலும் கிடைக்காத காட்சி இங்கே சாலையோரத்திலேயே கிடைக்கிறது. ஒன்பதாவது வளைவின் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் வரையாடு, புதுத்தோட்டத்தில் சோலைமந்தி, தேயிலைக்குள் காட்டுமாடு, அத்திமரத்தின் உச்சியில் இருவாச்சி. வால்பாறையின் பெருமை இது. அதன் ஆபத்தும் இதுவே.

சிப்ஸுக்குப் பின்னால் வருவது

சோலைமந்தி மரத்திலேயே வாழப் பிறந்த குரங்கு. கெடாத காட்டில் அது தரையில் இறங்குவதே அபூர்வம். வெடிப்பலா, காட்டுப்பலா, அத்தி, பூச்சிகள் என்று உச்சிக் கிளைகளிலேயே அதன் சாப்பாடு முடிந்துவிடும். புதுத்தோட்டத்தின் குட்டிக் காட்டிலோ மரத்துக்கு மரம் இடைவெளி விழுந்துவிட்டது. நடுவில் சாலை ஓடுகிறது. தரையில் இறங்காமல் இருக்க முடியாத நிலை. அப்படி இறங்கிய இடத்தில் தீனியும் கிடைத்தால்?

ஒருமுறை உப்பும் எண்ணெயும் ருசித்த குரங்கு சாலையை விட்டு நகர மறுக்கிறது. கார் சத்தம் கேட்டால் ஓடி ஒளிய வேண்டிய உயிர், கார் சத்தம் கேட்டு ஓடி வருகிறது. வேகமாக வரும் எல்லா வண்டியும் நிற்பதில்லை. சக்கரத்தில் அடிபடும் குரங்குகளில் குட்டி சுமக்கும் தாய்களும் உண்டு. ஒரு தாய் ஒரு குட்டி ஈன்றபின் அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். சாலையில் சாகும் ஒரு தாயின் இடத்தை அந்தக் கூட்டம் நிரப்பிக்கொள்ள எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடிபடாத குரங்குகள் ஊருக்குள் வருகின்றன. குப்பைத் தொட்டி, பேக்கரி, பிறகு தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். காலையில் கொழுந்து பறிக்கப் போன பெண் திரும்பி வரும்போது ஓடு கலைந்து கிடக்கிறது, அடுக்களையில் அரிசி கொட்டிக் கிடக்கிறது. சுற்றுலா வந்தவர் ஊட்டி வளர்த்த பழக்கத்துக்கு நாள் கூலிக்காரர் நஷ்டம் தாங்குகிறார். அவர் குரங்கின் மேல் கோபப்பட்டால் அதில் தவறு சொல்ல முடியுமா?

இதைத் தடுக்க வனத்துறையும் மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமும் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டின. குரங்குகள் அவற்றைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டன. வளைவுகளில் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல உள்ளூர்க் காவலர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேரின் உழைப்பையும் ஒரு பாக்கெட் சிப்ஸ் ஐந்து நிமிடத்தில் வீணாக்கிவிடுகிறது. மேலே பாலம் இருக்கும்போதே குரங்கைக் கீழே இழுப்பது நாம் நீட்டும் தீனிதான்.

┌ பெட்டிச் செய்தி: சாலையோரத்து அபூர்வங்கள்
• சோலைமந்தி: உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்வது. சிங்கவால் குரங்கு என்றும் பெயர். காட்டில் எஞ்சியிருப்பவை 4,000-க்கும் குறைவு. அழியும் ஆபத்தில் உள்ள இனம்.
• வரையாடு: தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031, 2025-ல் 1,303. இதைக் காக்க மாநில அரசு 2022-ல் தனித் திட்டம் அறிவித்தது. அக்டோபர் 7 வரையாடு தினம்.
• இருவாச்சி: கேரளத்தின் மாநிலப் பறவை. பழங்களை விழுங்கி விதைகளைத் தொலைதூரம் பரப்புவதால் மழைக்காட்டின் விதைப்பாளர்.
• மூன்றும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மிக உயர்ந்த சட்டப் பாதுகாப்பு பெற்றவை. └

கூட்டைச் சுற்றிக் கேமராக்கள்

இருவாச்சி பறந்து வருவதைப் பார்ப்பதற்கு முன் கேட்டுவிடலாம். சிறகு காற்றைக் கிழிக்கும் ஓசை பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். மஞ்சள் அலகு, தலைமேல் கொண்டை, ஒரு மீட்டருக்கும் மேலான நீளம். முதல் தடவை பார்ப்பவர் வாயடைத்து நிற்பார். அதைப் படமெடுக்க ஆசைப்படுவது இயல்பு. சிக்கல், எப்போது எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

நம் கோடை விடுமுறையும் இருவாச்சியின் குஞ்சு பொரிக்கும் காலமும் ஒன்றாக வருகின்றன. பழமையான பெருமரத்தின் பொந்துக்குள் பெட்டை புகுந்து, எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிச்சம். மூன்று மாதத்துக்கும் மேல் உள்ளேதான் இருப்பு. அந்தக் காலத்தில் அதன் சிறகிறகுகளும் உதிர்ந்து முளைக்கும், பறக்கவும் முடியாது. தாய்க்கும் குஞ்சுக்கும் வேண்டிய அத்தனை பழத்தையும் பூச்சியையும் பல்லியையும் ஆண் பறவை ஒன்றே சுமந்து வந்து பிளவு வழியே ஊட்ட வேண்டும்.

கூட்டு மரத்தின் கீழே ஆட்கள் நின்றால் ஆண் பறவை இறங்காது. தொலைவில் ஒரு கிளையில் பழத்தோடு காத்திருக்கும். கூட்டம் கலைய நேரமானால் திரும்பிப் போய்விடும். மரத்துக்குக் கீழே நின்று காத்திருக்கும் நமக்கு அது 'பறவை வரவில்லை' என்கிற ஏமாற்றம். உள்ளே இருக்கும் குஞ்சுக்கு ஒரு வேளைப் பட்டினி. இப்படி நாள்தோறும் நடந்தால் அந்த ஆண்டின் ஒரே குஞ்சும் போய்விடும். பொந்துள்ள பெருமரங்கள் குறைந்துவிட்ட காலத்தில், கலைந்துபோன ஒரு கூட்டுக்கு மாற்று இடமும் எளிதில் கிடைக்காது.

இன்னொரு வழக்கம், செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பது. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று எண்ணிப் பறவை கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு ஓடி வருகிறது. ஒரு படத்துக்காக ஒரு குழு செய்வதோடு நிற்பதில்லை. அடுத்தடுத்த குழுக்களும் அதே இடத்தில் அதே குரலை ஒலிக்கவிடுகின்றன. கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் வரைபடத்தோடு பகிர்ந்தால் கூட்டத்துக்கு நாமே வழிகாட்டியாகிவிடுகிறோம். நல்ல பறவைநோக்கர்கள் கூட்டின் இடத்தை வெளியில் சொல்வதே இல்லை.

யானையோடு போட்டி போட்டால்

2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி – வால்பாறை சாலையில், யானை நிற்பதைப் பார்த்துப் பிற வண்டிகள் ஒதுங்கி நின்ற இடத்தில், மோட்டார் சைக்கிளில் வந்த ஜெர்மானியப் பயணி ஒருவர் தாண்டிப் போக முயன்றார். யானை தாக்கியதில் அவர் இறந்தார். அதற்கு முன் 2023 தொடக்கத்தில் வரையாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு படமெடுத்த இரண்டு வெளிமாநிலச் சுற்றுலாப் பயணிகள் கைதானார்கள். ஒன்று மரணம், ஒன்று வழக்கு. இரண்டிலும் இடைவெளியை மனிதர் மதிக்கவில்லை.

வால்பாறை மக்கள் யானையோடு வாழக் கற்றுக்கொண்டவர்கள். அந்த ஊரில் யானையால் நேர்ந்த இறப்புகளில் பெரும்பாலானவை, அந்தி நேரத்தில் யானை நிற்பது தெரியாமல் நடந்தவர்களுக்கு நேர்ந்தவை. இதை ஆய்வாளர் ஆனந்தகுமாரின் குழு கண்டறிந்தபின், யானை நிற்கும் இடத்தைச் சுற்று வட்டாரத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பத் தொடங்கினார்கள். கேபிள் டி.வி.யில் ஓடும் வரியாகவும் தகவல் வந்தது. முக்கியமான சந்திப்புகளில், செல்போனால் இயக்கும் சிவப்பு விளக்குகள் நிறுத்தப்பட்டன. இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. உள்ளூர்க்காரர் அந்த விளக்கைப் பார்த்தால் திரும்பிப் போவார். அதே தகவல் சில சுற்றுலா ஜீப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தால், யானை நிற்கும் இடத்தை நோக்கியே வண்டி விரைகிறது. உயிர் காக்கச் செய்த ஏற்பாட்டை வேடிக்கைக்கு வழியாக்குவது கொடுமை.

'நைட் சஃபாரி' என்று ஆசைகாட்டி, தோட்டச் சாலைகளில் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு போகும் பயணங்களும் இப்படித்தான். கண் கூசி நின்றுபோகும் விலங்கு, குட்டியைப் பிரிந்து ஓடும் தாய், மழை இரவில் சக்கரத்தில் நசுங்கும் தவளைகளும் கேடயவால் பாம்புகளும். இவற்றில் பலவற்றை வண்டியில் இருப்பவர்கள் பார்ப்பதுகூட இல்லை. வனத்துறை அனுமதி இல்லாத இரவுப் பயணம் சட்ட விரோதம். விடுதிக்காரர் எவ்வளவு உறுதி கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

கட்டுப்பாடில்லாத விடுதிகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நீலகிரி மாவட்டம் மசினகுடி சாட்சி. 2021 ஜனவரியில் தங்கும் விடுதி ஒன்றின் அருகே வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். தீக்காயத்தோடு அலைந்த அந்த யானை இறந்துபோனது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2020 அக்டோபரில், அந்தப் பகுதியின் யானை வழித்தடத்தில் உள்ள விடுதிகளைக் காலிசெய்ய வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது.

மலையில் வாழ்கிறவர்கள்

சுற்றுலா வேண்டாம் என்று வால்பாறையில் யாரும் சொல்லிவிட முடியாது. தேயிலைக் கூலியில் குடும்பம் நடத்த முடியாமல் பலர் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். மிஞ்சிய உள்ளூர் இளைஞர்களுக்கு ஜீப், ஹோட்டல், ஹோம்ஸ்டே, டீக்கடைதான் பிழைப்பு. அந்த வருமானம் தேவை.

ஆனால் சிறுத்தையைப் பார்த்தால் நமக்குக் கொண்டாட்டம்; லைன் வீட்டுக்காரருக்கு அதுவே உயிர்ப் பயம். 2025 ஜூனில் வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த, ஜார்க்கண்ட் தொழிலாளியின் சின்னஞ்சிறு மகளைச் சிறுத்தை தூக்கிச் சென்றது. குடியிருப்புகளைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கும் உணவுக் குப்பை நாய்களையும் காட்டுப்பன்றிகளையும் இழுக்கிறது. அவற்றைத் தேடிச் சிறுத்தை வருகிறது. விடுமுறைக் கூட்டம் விட்டுச் செல்லும் குப்பையும் அந்தக் குவியலில் சேர்கிறது. நாம் ஞாயிறு மாலை இறங்கிவிடுவோம். அவர்கள் அங்கேயே இருப்பார்கள். அவர்கள் பாதுகாப்பையும் சேர்த்து யோசிக்காத சுற்றுலா நேர்மையான சுற்றுலா ஆகாது.

இ-பாஸ் மட்டும் போதாது

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதலும், வால்பாறைக்கு 2025 நவம்பர் 1 முதலும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். எத்தனை வண்டி வருகிறது என்பதாவது இனித் தெரியும். நல்ல தொடக்கம். ஆனால் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பதால் நடத்தை மாறிவிடாது. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பறிமுதல் செய்வது போலவே, ஒவ்வொரு வண்டிக்கும் 'தீனி போடாதே, வளைவில் நிறுத்தாதே, இரவில் உள்ளே போகாதே' என்று எடுத்துச் சொல்லும் ஆளும் வேண்டும்.

முன்மாதிரி தேடி அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனைமலைக் காப்பகத்தின் டாப்ஸ்லிப்பைத் தாண்டினால் பரம்பிக்குளம். அங்கே காடர், மலசர், மலைமலசர், முதுவர் பழங்குடியினரே வழிகாட்டிகள். அவர்கள் துணையில்லாமல் காட்டுக்குள் நடக்க முடியாது. சுற்றுலா வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு. கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் இளைஞர்கள் இருவாச்சிக் கூடுகளுக்குக் காவல் இருந்து, குஞ்சு வெளிவரும்வரை குறிப்பெடுக்கிறார்கள். எந்த மரத்தில் எந்த மாதம் பழம் விழும் என்று தெரிந்த இனம் அது. அந்த அறிவுக்குக் கூலி கொடுத்தால் காடும் பிழைக்கும், காட்டு மனிதரும் பிழைப்பார்கள். வால்பாறையிலும் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுத்து, அவர்கள் துணையோடு மட்டுமே காட்டோரப் பயணம் என்று விதி வகுக்கலாம்.

┌ பெட்டிச் செய்தி: போவதற்கு முன்
• எப்போது: நவம்பர் முதல் மார்ச் வரை. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் உண்டு. காலை 6 முதல் 9 மணிதான் பறவைகளின் நேரம்.
• என்ன பார்க்கலாம்: மனிதர் சீட்டியடிப்பது போலவே பாடும் சீகாரப் பூங்குருவி, சிவந்த வயிற்றோடு நிழலில் அசையாமல் உட்காரும் தீக்காக்கை, காலையும் மாலையும் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவி, நாள் முழுக்கக் கூவும் குக்குறுவான், சாம்பல் இருவாச்சி.
• என்ன எடுத்துப் போகலாம்: 8x42 பைனாகுலர், குறிப்பேடு, பச்சை அல்லது பழுப்பு உடை, மழைக்காலமானால் அட்டைக்கடிக்குத் தடுப்பு.
• எதை விட்டுப் போகலாம்: டிரோன், ஒலிபெருக்கி, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்.
• சாலையில்: யானை நின்றால் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், இறங்க வேண்டாம், முந்த வேண்டாம். └

பார்ப்பதே பணியானால்

பறவை பார்க்கும் பழக்கம் சுற்றுலாப் பயணியைக் காட்டுக்குப் பயனுள்ளவராக மாற்றுகிறது. காரணம் எளிது. பறவையைப் பார்க்க அமைதி வேண்டும், பொறுமை வேண்டும். தீனி போட்டால் இருவாச்சி இறங்கி வராது. துரத்தினால் தீக்காக்கை நிற்காது. தள்ளி நிற்கப் பறவைகளே நமக்குச் சொல்லிக்கொடுக்கின்றன.

பார்த்ததை எழுதி வைத்தால் அது அறிவியலாகிறது. நாள், இடம், நேரம், இனம், எண்ணிக்கை என்று யார் வேண்டுமானாலும் 'இ-பேர்டு' செயலியில் பதியலாம். இப்படி முப்பதாயிரம் பேருக்கு மேல் பதிந்த ஏறத்தாழ மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டுதான் 2023-ன் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை உருவானது. நீண்டகாலப் போக்கை அளவிட முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துவருவதை அது காட்டியது. விடுமுறையில் மலை ஏறிய ஆசிரியர், மாணவர், வங்கி ஊழியர் எடுத்த குறிப்புகளும் அதில் இருக்கின்றன. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். வால்பாறைக்குப் போகும் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு காலைப் பட்டியலைப் பதிந்தாலும் அது காட்டுக்குச் செய்யும் உதவி.

வால்பாறையின் காட்டுத் துண்டுகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் குழுவினர் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு, நாட்டு மரக் கன்றுகளை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் வளர்த்து நட்டு வருகிறார்கள். அவை இருவாச்சிக்குப் பொந்து தரும் மரங்களாக வளர இன்னும் பல தலைமுறை ஆகலாம். அதுவரை இருக்கும் காட்டையும் இருக்கும் உயிர்களையும் கெடுக்காமல் காப்பது நம் பொறுப்பு.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை: வண்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, அனுமதியற்ற விடுதிகளும் இரவுப் பயணங்களும் இல்லாத மலை, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், சாலை வளைவுகளில் நிரந்தரக் காவலர், குப்பையை அன்றாடம் அள்ளும் ஏற்பாடு. நாம் செய்ய வேண்டியதோ அதைவிட எளிது. இந்தக் கோடையில் வால்பாறை ஏறுகிறீர்களா? தீனிப் பொட்டலத்தை வண்டிக்குள்ளேயே வையுங்கள். வளைவில் நிறுத்தாதீர்கள். கூட்டுப் பக்கம் போகாதீர்கள். உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்து அவருக்கு நியாயமான கூலி கொடுங்கள். உங்கள் பிள்ளையின் கையில் செல்போனுக்குப் பதில் பைனாகுலரைக் கொடுத்து, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.